ஒழுகும் கூரைக்கு யார் பயனாளி?

(கொடுமுடியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஓர் அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

என்னைப் பேசக் கூப்பிட்ட தம்பிகள் ‘தலித்துகளும் நிலமும்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். நிலத்தைப் பற்றிப் பேச என்னைவிடப் படித்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். நான் இருநூற்றுச் சொச்சம் சதுர அடியைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறேன். அதற்கு மேலே இருக்கிற கான்கிரீட்டைப் பற்றியும். ஏன்னா 2023 தை மாசத்திலிருந்து அதற்குக் கீழேதான் நான் குடியிருக்கிறேன். அது ஒழுகுது. மழை பெய்யும்போது மட்டும் ஒழுகினால் சும்மா இருந்திருப்பேன். மழை விட்டு ரெண்டு நாளைக்கு ஒழுகுது.

வீடு வாங்கினேன் என்று சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருபது வருசமாக அடுத்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். பட்டா மனு, சாதிச் சான்று மனு, சுடுகாட்டுப் பாதை மனு, முதியோர் உதவித்தொகை மனு. ‘பத்திரம் இல்லாம எதையும் வாங்காதீங்க’ என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அப்படிப்பட்டவன் ஒரு வீட்டை இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வாங்கியிருக்கிறேன். அது எப்படி நடந்தது என்று சொன்னால்தான் மீதி விசயம் புரியும்.

என் துணைவியார் பனியன் கம்பெனி வண்டி ஏறிப் போய் வருகிறவர். காலையில் ஆறு மணிக்கு வண்டி வரும், ராத்திரி எட்டரைக்கு இறக்கிவிடும். ரெண்டு பேரும் சேர்த்துச் சீட்டுப் போட்டு எடுத்த பணம் நாலு லட்சம். அந்தப் பணத்துக்கு ஊருக்குள்ளே ஒரு ஓட்டு வீடாவது கிடைக்குமா என்று தேடினோம். நம்ம கொங்கு நாட்டில் கதவை முகத்தில் சாத்த மாட்டார்கள். மரியாதை ரொம்ப. உட்காருங்க, மோர் குடிங்க. முதல் கேள்வி, “நீங்க எந்தூருங்க?” ரெண்டாவது கேள்வி, “ஊர்ல எந்தப் பக்கமுங்க?” மூணாவது கேள்வியே வராது. “தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க” என்பார்கள். ஒருத்தர் மட்டும் நேராகச் சொன்னார்: “எனக்கு ஒண்ணுமில்லீங்க. பக்கத்து ஊட்டுக்காரங்க நாளைக்கு என்னையக் கேப்பாங்கல்ல?” அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மற்ற ஏழு இடத்தில் மோர் குடித்துவிட்டு ஏமாந்து வந்ததற்கு இது தேவலை.

1917-இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்கு அந்த நகரத்தில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. நியூயார்க்கில் கொலம்பியாவில் படித்து வந்தவர். பெயரை மாற்றிச் சொல்லிப் பார்சி விடுதியில் இருந்தார். கண்டுபிடித்துத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அவரிடம் படிப்பு இருந்தது, சம்பளமும் இருந்தது, தலைக்கு மேலே கூரை இல்லை. நூறு வருசம் கழித்து நம்மிடம் நாலு லட்சம் இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால் நமக்கு மோர் கொடுக்கிறார்கள்.

ஆக நம்ம ஆள் வாங்கக்கூடிய வீடு நம்ம வளவில் விற்கிற வீடுதான். சந்தை, சந்தை என்று பேசுகிறார்கள் அல்லவா, நமக்கான வீட்டுச் சந்தை நாற்பத்தாறு வீடுதான். அதில் ஒன்று விலைக்கு வந்தது. ஒதுக்கீடு பெற்ற பெரியவர் இறந்துவிட்டார். மகன் திருப்பூரில் குடும்பத்தோடு தங்கிவிட்டான். ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேசி முடித்தோம். பட்டா நிபந்தனைப் பட்டா, விற்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வழியில்லை. முத்திரைத்தாள், ரெண்டு சாட்சி, தேங்காய் பழம். மீதிப் பணத்தில் ரிப்பேர் பார்த்துக்கலாம் என்பது கணக்கு. அந்த மீதி மாமியாரின் ஆபரேசனுக்குப் போனது. அது தனிக்கதை.

வீட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூம், ஒரு சமையல் இடம், முன்னால் ரெண்டு அடித் திண்ணை. எந்தத் திட்டத்தில் கட்டியது என்று வளவில் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். முகப்புக் கல்வெட்டில் வருசாவருசம் சுண்ணாம்பு அடித்து எழுத்தே மூடிப்போச்சு. கூரைக்குள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கிறது. ஊதினால் காரை பெயர்ந்து விழும். விழுந்த இடத்தில் கம்பி விலா எலும்பு மாதிரித் தெரியும். தொட்டில் கட்டக் கொக்கி இருக்கிறது, எவரும் கட்டுவதில்லை. வளவு இருப்பது வாய்க்காலுக்குக் கீழ்ப் பள்ளத்தில். காளிங்கராயன் பாசனத்தால் மஞ்சளும் கரும்பும் தென்னையும் விளைகிற சீமை இது. வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் அக்கட்ட வயல் பச்சையாகும், இக்கட்ட எங்கள் சுவரில் ஓதம் ஏறும். கொத்தனார் வந்து பார்த்தார். மேலே பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, கம்பிக்கு மருந்து அடித்து, பூசி, தட்டோடு பதித்து, சுவருக்கு முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் பூச்சு. எண்பதாயிரம் ஆகும் என்றார். கடன் வாங்கினால் வட்டி நாலு ரூபாய்.

இங்கேதான் உள்ளாட்சியின் கதவைத் தட்டினேன். எந்த ஊர் என்று பெயர் சொல்லவில்லை. இந்த வட்டாரம்தான்.

2024-இல் தமிழ்நாடு அரசு ஒரு திட்டம் அறிவித்தது. 2000-01-க்கு முன்னால் அரசுத் திட்டங்களில் கட்டிக் கொடுத்த 2.50 லட்சம் ஊரக வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுது பார்ப்பது என்று. அடுத்த வருசம் பட்ஜெட்டில், பழுது பார்க்கவே முடியாத 25,000 வீடுகளைத் திரும்பக் கட்ட 600 கோடி. நான் பாராட்டுகிறேன். கட்டிக் கொடுத்த வீடும் பழசாகும் என்பதை ஓர் அரசு ஒத்துக்கொண்டதே பெரிய விசயம். 1999-2000-இல் இந்திரா வீட்டு வசதித் திட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு நிதியை மராமத்துக்கு ஒதுக்கச் சொன்னார்கள். ஒரு வீட்டுக்குப் பத்தாயிரம், 2004-இல் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, 2008-இல் பதினைந்தாயிரம். அதுவும் கச்சா வீட்டைக் கெட்டி வீடாக்கத்தான். கெட்டி வீடு கெட்டுப் போனால் என்ன செய்வது என்று அதில் பேச்சே இல்லை.

புதுத் திட்டத்தைப் பார்த்து மனுவோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். வாங்கிப் பார்த்தவர் நல்ல பையன். “அண்ணா, இது ஊராட்சிக்கு மட்டும். நீங்க பேரூராட்சி.”

தோழர்களே, இந்தப் ‘பேரூராட்சி’ என்ற சொல்லை வெளியூர் மாணவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கொடுமுடியிலிருந்து சுற்றி வாருங்கள். ஊஞ்சலூர், பாசூர், வெங்கம்பூர், சென்னசமுத்திரம், கிளாம்பாடி, வடுகபட்டி, கொல்லங்கோயில், சிவகிரி, எல்லாம் பேரூராட்சி. பஸ்ஸை விட்டு இறங்கினால் தென்னந்தோப்பும் மஞ்சள் காடும்தான். எங்கள் ஜனங்கள் கரும்பு வெட்டுகிறவர்கள், மஞ்சள் தோண்டுகிறவர்கள், தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் காகிதத்தில் நகரவாசிகள். நகரவாசி என்பதால் நூறு நாள் வேலை கிடையாது. கிராமத்து வீட்டுத் திட்டம் கிடையாது. மராமத்துத் திட்டமும் கிடையாது. இது அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2004-இல் பெரும்பாலான பேரூராட்சிகளை ‘சிறப்பு கிராமப் பஞ்சாயத்து’ என்று மாற்றினார்கள், மத்திய அரசின் கிராம நிதி வரும் என்று. 2006-இல் ஆட்சி மாறியதும் திரும்பப் பேரூராட்சி ஆக்கிவிட்டார்கள். ரெண்டு வருசம் நாங்கள் கிராமத்தான். வளவு இருந்த இடத்தை விட்டு நகரவில்லை, பலகை மட்டும் மாறியது.

சரி, நகரவாசியாகவே போவோம் என்று பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே சொன்னது: “ரிப்பேருக்குன்னு எங்ககிட்ட ஒண்ணுமில்லீங்க. புது வீடுன்னா பிரதமர் திட்டம் இருக்குது. ஆனா உங்களுக்குத்தான் வீடு இருக்குதுங்களே, கான்கிரீட் வீடு.”

அவர் பொய் சொல்லவில்லை. 2015-இல் வந்த பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில், நாட்டில் எங்கேயும் கெட்டி வீடு சொந்தமாக இருக்கக்கூடாது என்பது விதி. இருக்கிற வீட்டை விரிவாக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். அதற்குக் குறைந்தது ஒன்பது சதுர மீட்டர் புதிதாகக் கட்டிச் சேர்க்க வேண்டும். மேலே விழுகிற கூரையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொரு ரூம் கட்டு என்று அர்த்தம். பக்கத்தில் ஏது இடம்? என் சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு நாய் படுக்கலாம். கிராமத்துத் திட்டத்திலும் இதே கதைதான். 2016-லிருந்து கூரையோ சுவரோ கெட்டியாக இருந்தால் பட்டியலிலேயே வராது. மோட்டார் சைக்கிள் வைத்திருப்பதும் பிரிட்ஜ் வைத்திருப்பதும்கூட 2024 வரை தகுதிக் குறைவாக இருந்தது. கான்கிரீட் என்று எழுதியிருந்தால் போதும். அது தலைக்கு மேலே நிற்கிறதா, தலை மேல் விழுகிறதா என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மராமத்துக்கு நான் ‘பயனாளி’ இல்லை, வீடு வேறொருவர் பெயரில் இருக்கிறது. புது வீட்டுக்கு நான் ‘வீடற்றவன்’ இல்லை, வீடு என்னிடம் இருக்கிறது. ஒரே வீடு, ஒரே நாளில், ஒரு ஜன்னலில் என்னுடையதல்ல, அடுத்த ஜன்னலில் என்னுடையது. இன்னொன்றும் சொல்லணும். வீட்டு வரி ரசீதில் என் பெயர் இருக்கிறது. குழாய் வரியும் என் பெயரில்தான். வசூலுக்கு வந்த அன்றைக்கு முத்திரைத்தாளைக்கூடக் கேட்கவில்லை.

மூன்றாவது தாசில்தார் அலுவலகம். பட்டாவை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கப் போனேன். முத்திரைத்தாள் நகலைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “இதை நீயே எழுதிக் கொண்டாந்து என்கிட்டக் குடுக்கிறியே, நிபந்தனையை மீறினா பட்டாவை ரத்து பண்ணலாம் தெரியுமா?” என்றார். அதுவரைக்கும் ‘நீங்க’ போட்டவர் அங்கே ‘நீ’க்கு இறங்கினார். மராமத்துக்குப் பணம் கேட்கப் போனவன் வீடே போய்விடுமோ என்ற பயத்தோடு வெளியே வந்தேன்.

வளவில் வந்து சொன்னால் எதிர்வீட்டு ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டது. “கெளறாத கண்ணு. என்ற ஊடும் அப்படி வாங்குனதுதான். உன்னையக் கேட்டாங்கன்னா நாளைக்கு என்னையும் கேப்பாங்க.” அப்புறம்தான் நானும் ரெண்டு பையன்களும் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். நாற்பத்தாறு வீட்டில் பத்தொன்பது கைமாறியவை. வாங்கியவர்கள் அத்தனை பேரும் நம்ம ஜனம்தான். பத்தொன்பது குடும்பமும் வாயை மூடிக்கொண்டு ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. முப்பது வருசமாக நம்ம வளவில் மராமத்துக்கு மனுவே போகாததற்குக் காரணம் சோம்பல் என்று நானே நினைத்திருந்தேன். அது பயம்.

ஏன் இப்படி? அரசு நமக்குக் கொடுத்தது வீடு அல்ல, தானம். 1974-இல் தாட்கோ தொடங்கியபோது அதன் பெயரிலேயே வீட்டு வசதி இருந்தது. குடிசை தீப்பிடிக்கிறது, தீப்பிடிக்காத வீடு வேண்டும் என்ற நியாயமான தேவையிலிருந்து வந்தது. 1978-இல் 31-ஆம் சட்டம் வந்தது, ‘அரிசன நலத் திட்டங்களுக்காக’ நிலம் எடுப்பதற்கு. நிலம் வைத்திருந்தவர்கள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1994-இல் நஷ்டஈட்டைத் தவணையில் தரலாம் என்ற பகுதியை மட்டும் அடித்துவிட்டு மற்றதைச் செல்லும் என்றது நீதிமன்றம். நாம் குடியிருக்கிற ஒவ்வொரு சென்டும் இப்படிப் போராடி வந்தது. இதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் கொடுத்தவர்கள் மனசில் ‘பயனாளி’ என்று ஓர் ஆள் இருந்தான். அவன் சாவி வாங்குகிற அன்றைக்குப் போட்டோ எடுத்தார்கள். அதோடு கணக்கு முடிந்தது. அவன் சாவான், மகன் திருப்பூர் போவான், வீடு கைமாறும், கம்பி துருப்பிடிக்கும் என்பதெல்லாம் அந்தப் போட்டோவில் இல்லை. ஆதிக்க சாதிக்காரன் வீடு சொத்து. அடமானம் வைக்கலாம், விற்கலாம், மகளுக்கு எழுதலாம். நம்ம வீடு சலுகை. சலுகையை வைத்துக்கொள்ளலாம், அல்லது இழக்கலாம்.

அப்படியானால் நிபந்தனையைத் தூக்கிவிடலாம் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1892-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு பஞ்சமி நிலம் கொடுத்தார்களே, அதிலும் நிபந்தனை இருந்தது. பத்து வருசம் விற்கக்கூடாது, அதற்குப் பின்னும் ஒடுக்கப்பட்டவர்களுக்கே விற்க வேண்டும் என்று. நிபந்தனை இருந்தும் நிலம் கைவிட்டுப் போனது. அதை மீட்கப் போய்த்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள். காகிதத்தில் நிபந்தனை இருப்பதால்தான் இன்றைக்கும் அந்த நிலத்தைக் கேட்க ஒரு பிடி இருக்கிறது. நாளைக்கே நம்ம வளவு வீடுகளைத் திறந்துவிட்டால் முதலில் வாங்குவது நாலு ரூபாய் வட்டிக்காரன். அதனால் நான் கேட்பது வேறு. நமக்குள்ளே கைமாறியதைப் பதிவு செய்து கொடு. நிபந்தனை அப்படியே இருக்கட்டும், பெயரை மாற்று. குடியிருக்கிறவள் பெயரில் எழுது. இந்திரா திட்டத்திலேயே வீட்டை மனைவி பெயரில் அல்லது இருவர் பெயரிலும் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்ததே.

இன்னொன்று, மராமத்துப் பணம் ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. இது உலகத்தில் இல்லாத கோரிக்கை அல்ல. இங்கிலாந்தில் 1949-ஆம் வருசத்துச் சட்டத்திலேயே, தனியார் வீட்டைச் சீராக்க உள்ளூர் மன்றம் மானியம் தரலாம் என்று வைத்தார்கள். 2002-க்குப் பிறகு கொடுப்பதும் விடுவதும் மன்றத்தின் விருப்பம் என்று அங்கேயும் தளர்த்திவிட்டார்கள், அதனால் அதைச் சொர்க்கம் என்று காட்டவில்லை. ஆனால் அங்கே பழைய வீட்டை வாங்கியவன் மன்றத்துக்குப் போய் ‘கூரை போச்சு, உதவி உண்டா’ என்று கேட்டால் அது கேள்வி. இங்கே அது குற்ற ஒப்புதல்.

நம்ம உள்ளாட்சிக்கு அதிகாரம் இல்லையா? 1992-இன் அரசியல் சட்டத் திருத்தங்களைப் பாருங்கள். பதினோராம் அட்டவணையில் பத்தாவது இனம் ஊரக வீட்டு வசதி. பன்னிரண்டாம் அட்டவணையில் பத்தாவது இனம் குடிசைப் பகுதி மேம்பாடு. ரெண்டிலும் பத்து என்பதால் எனக்கு மனப்பாடம். இந்தப் பொறுப்பு உள்ளாட்சியிடம் வரலாம் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. கொடுப்பது மாநிலத்தின் கையில். பணத்துக்கும் வழி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் நிறைவேறியது. மக்கள்தொகை விகிதப்படி நமக்கு ஒதுக்கி நமக்கே செலவழிக்க வேண்டும் என்ற பழைய துணைத் திட்டம் இப்போது சட்டம். தமிழ்நாட்டில் நாம் ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பணத்தில் பேரூராட்சிகளுக்குள் மாட்டிக்கொண்ட நம்ம பழைய வீடுகளின் கூரைக்கு ஒரு தலைப்பு ஏன் இருக்கக்கூடாது?

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வசைச் சொல் போவது நல்லது, அதைக் கேட்டே வளர்ந்தவன் சொல்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வளவில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். ஆயா மேலே பார்த்துவிட்டுக் கேட்டது: “பேரை எடுத்துப்போடறாங்களாம் செரி, இந்தக் கம்பியை யாரு மூடுவாங்களாம்?”

மாணவர்களிடம் நான் கேட்பது சின்ன வேலை. உங்கள் ஊர் வளவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு போங்கள். எத்தனை வீடு, எத்தனை ஒழுகுது, எத்தனையில் கம்பி தெரியுது, பட்டா யார் பெயரில், குடியிருப்பது யார், ஊராட்சியா பேரூராட்சியா. கைமாறிய வீட்டை மட்டும் பெயர் போட்டு எழுதாதீர்கள், எண்ணிக்கை போதும். தனியாளாக மனுக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நான் பட்டுவிட்டேன். பத்தொன்பது பேரை அவர்கள் பிரித்துப் பார்க்க முடியாதபடி, கைமாறாத இருபத்தேழு வீட்டுக்காரர்களும் சேர்ந்து, நாற்பத்தாறு வீட்டுக்கும் ஒரே மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து ஆயாவின் கைநாட்டு. அதற்கே மூணு மாசம் பேச வேண்டியிருந்தது.

வருகிற திங்கட்கிழமை ஈரோடு ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். காலை ரயிலில் போகிறோம். பெயர்ந்து விழுந்த காரையில் ஒரு துண்டு, கம்பியோடு, சாக்குப்பையில் கட்டி வைத்திருக்கிறேன். கனமாக இருக்கிறது, தூக்க ரெண்டு பேர் வேண்டும். யார் வருகிறீர்கள்?